ஊற்றுவது வைத்தியம் அல்ல

"எங்கேயும் ஒழுகலை சார், ஆனா தண்ணி குறையுது." கார் பழுதுபார்க்கும் கடை எதிலும் வாரத்துக்கு ஒருமுறையாவது காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். தரை காய்ந்துதான் கிடந்திருக்கிறது. ஆனால் ரேடியேட்டரில் இரண்டு நாளைக்கு அரை லிட்டர் இறங்குகிறது. அவரும் இரண்டு நாளைக்கு அரை லிட்டர் ஊற்றுகிறார். வண்டி ஓடுகிறது. பிறகு ஒருநாள், பெரும்பாலும் மேம்பாலத்தின் நடுவில், ஓட மறுக்கிறது.

தண்ணீர் மாயமாக மறையும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் தண்ணீர் குறைந்தால் அது போயிருக்கக்கூடிய இடங்கள் மூன்றே. வெளியே சொட்டியிருக்க வேண்டும். சூட்டில் ஆவியாகிப் பறந்திருக்க வேண்டும். அல்லது என்ஜினுக்குள்ளேயே புகுந்திருக்க வேண்டும். மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஊற்றிக்கொண்டே இருப்பது வேலையைத் தள்ளிப்போடுவது.

காணாமல் போகும் தண்ணீருக்குக் கண்டிப்பாகக் கணக்குக் கேட்கும் ஊர் ஒன்று மும்பையின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. டிராம்பே. குன்றின் கடலோரச் சரிவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அதன் உலைகளும். குன்றைக் கடந்து ஊருக்குள் வந்தால் சீட்டா கேம்ப். அணு மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976-ல் காலி செய்தபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். டாக்சி, ஆட்டோ, டெம்போ ஓட்டிப் பிழைப்பவர்களும், அவற்றைப் பழுதுபார்த்துப் பிழைப்பவர்களும் உண்டு. உலைக்கும் டாக்சிக்கும் தண்ணீரோடு இருக்கும் உறவு ஒன்றேதான்: உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே சுமந்து செல்லத் தண்ணீர் வேண்டும், அது குறைந்தால் ஆபத்து.

எவ்வளவு சூடு? மோட்டார் என்ஜினைப் பற்றி ஒரு தோராயக் கணக்கு உண்டு. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போகிறது. மூன்றாவது பங்கைச் சுமப்பது பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அதில் முப்பது ரூபாய்க்கு மேல் தண்ணீரின் தலையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுமைகூலி நின்றால் என்ஜினின் அலுமினியத் தலை சில நிமிடங்களிலேயே கோணிக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'ஹெட் பெண்டு' என்பார்கள். அதையும் மீறி ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு என்ஜின் சீஸ் ஆகும்.

இந்தச் சுமைகூலிக்குத் துணையாக ஒரு சிறிய மூடி இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை தண்ணீரை அது உள்ளே அடைத்து வைக்கும் என்பதற்கான அளவு அது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கூடுதலாக 1 பார் அழுத்தம் இருந்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பிரஷர் குக்கரின் சூத்திரம்தான். குக்கரில் வெயிட் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சமையலறையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: ஆவி போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் வற்றும், அடிபிடிக்கும்.

சூடு ஏறினால் தண்ணீர் விரிகிறது. விரிந்த தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகிறது. என்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, அதே மூடியிலுள்ள இன்னொரு வால்வு வழியாகப் பாட்டில் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படுகிறது. போக ஒரு வழி, வர ஒரு வழி. இரண்டுக்கும் ஒரே மூடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீட்டா கேம்ப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் வந்த டாக்சி இது. மெக்கானிக் வேலூர்ப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் 'பாய்'. டாக்சிக்காரர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், முப்பது வயது. கடன் வாங்கி எடுத்த சின்னக் கார். மாதத் தவணை கட்டியாக வேண்டும். நான்கு மாதமாகத் தண்ணீர் குறைகிறது. முதல் கடையில் ஹோஸ்களை மாற்றினார்கள். இரண்டாவது கடையில் ரேடியேட்டரையே மாற்றினார்கள். மூன்றாவது கடையில், 'வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் போகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும்' என்று சொல்லி எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடுதான் பாயிடம் வந்தார். என்ஜினைப் பிரித்தால் பத்து நாள் வண்டி நிற்கும். பத்து நாள் வண்டி நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் வண்டி யாருடையது என்பதே கேள்வியாகிவிடும்.

பாய் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி: "தம்பி, தண்ணி எப்படிப் போகுது? சொட்டுதா, கசியுதா, பொசியுதா?"

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கேள்வி இனிக்கிறது. ஆங்கிலச் செய்தியில் எந்த ஒழுக்குக்கும் ஒரே சொல்தான் வரும். மொழிபெயர்ப்பவர் அதற்குக் 'கசிவு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் கசிவது வேறு, ஒழுகுவது வேறு. சொட்டினால் இடைவெளி விட்டு விழும். தரையில் வட்டமாகத் தடம் இருக்கும். ஒழுகினால் கோடாக இறங்கும். கசிந்தால் மேற்பரப்பு ஈரமாகும், கீழே விழாது. பொசிந்தால் ஈரம் பரவும், அதன் பிறப்பிடம் தெரியாது. பீறிட்டால் அழுத்தம் பின்னால் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நோய்க்குறி. ஹோஸின் கிளாம்ப் தளர்ந்தால் சொட்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் கசியும். பழைய ரப்பர் ஹோஸில் ஊசித்துளை விழுந்தால், என்ஜின் சூடேறி அழுத்தம் வந்தபிறகு மட்டும் பீறிடும். விழுந்த இடம் கொதிக்கும் இரும்பு என்பதால் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். தரை காய்ந்து கிடப்பதன் ரகசியம் பல வண்டிகளில் இதுதான். அந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்ததுபோல் ஒரு பொருக்கு இருக்கும். தண்ணீர் போய்விடும், பொருக்கு போகாது.

நீர் இறைக்கும் பம்ப்பில், மெக்கானிக்குகள் 'வாட்டர் பாடி' என்று சொல்லும் பாகத்தில், தயாரிக்கும்போதே ஒரு சிறு துளை வைக்கிறார்கள். உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து அதையும் கெடுத்துவிடாமல் இந்தத் துளை வழியாக வெளியே வரும். 'என் சீல் போய்விட்டது' என்று பம்ப் தானே சொல்லும் வாய் அது. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'அழும் துளை'. அது அழுதால் பம்ப்பை மாற்ற வேண்டும். எம்-சீல் வைத்து அடைத்தால் அழுகை நிற்கும், நோய் நிற்காது.

டாக்சிக்காரரிடம் எந்தச் சொல்லும் இல்லை. "தெரியலை பாய். காலையில பார்த்தா குறைஞ்சிருக்கு" என்றார். பாய் அன்று எதையும் கழற்றவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். ஐந்து பத்தி போடச் சொன்னார். தினமும் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் எவ்வளவு, பாட்டிலில் எவ்வளவு, முந்தைய நாள் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, எவ்வளவு ஊற்றியது. "பத்து நாள் எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் தண்ணி பாட்டில் கூடவே இருக்கட்டும், மீட்டர் முள்ளு மேலே கண்ணு இருக்கட்டும். முள்ளு ஏறினா உடனே ஓரம் கட்டிடணும்."

எழுதுவதில் என்ன தெரியும்? நிறையத் தெரியும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போன நாளிலும் மலை ஏறிய நாளிலும் மட்டும் அதிகம் குறைந்தால், எரிவாயு சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து தண்ணீரைத் தள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். ஹெட் கேஸ்கெட் முதல் குற்றவாளி. ராத்திரி நிறுத்தி வைத்த வண்டியில் காலைக்குள் குறைந்தால், ரப்பரும் உலோகமும் ஆறிச் சுருங்கும்போது விலகும் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்த நாளிலும், நிறுத்தி நிறுத்தி ஓட்டிய நாளிலும் குறைந்தால் மூடி, ஃபேன், தெர்மோஸ்டாட். எல்லா நாளும் ஒரே அளவு குறைந்தால் வெளியே எங்கோ நிலையான ஓட்டை. கூலன்ட் மாற்றிய முதல் சில நாள் மட்டும் குறைந்து பிறகு நின்றுவிட்டால், குழாய்க்குள் சிக்கியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. அது நோயே அல்ல.

நோட்டுக்குப் பிறகுதான் கருவிகள். அவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கண்: ஆறிய என்ஜினில், டார்ச் வெளிச்சத்தில், ஹோஸ் முனைகள், பம்ப்பின் துளை, ரேடியேட்டர் விளிம்பு, டிரைவர் பக்கத்து சீட்டின் கால்மிதிக்கு அடியில் ஈரம். ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் சிறு ரேடியேட்டர் ஒழுகினால் காருக்குள் இனிப்பு வாசம் வரும், முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படியும். அடுத்தது அழுத்தச் சோதனை: மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடித்துக் காத்திருப்பது. முள் இறங்கினால் ஓட்டை உண்டு. எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால் ஓட்டை உள்ளே. மூன்றாவது, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு விளக்கடித்துப் பார்ப்பது. நான்காவது, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பது. எரிவாயுவிலுள்ள கரியமில வாயு அதில் கலந்தால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட்டில் விரிசலோ. கடைசியாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது. எல்லாம் கருப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் குளித்ததுபோல் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் போகும் சிலிண்டர் அதுதான்.

இவ்வளவும் முடிந்தபிறகே என்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வி எழ வேண்டும். நடப்பில் அது முதல் கேள்வியாக இருக்கிறது. காரணம் எளிது. சோதனைக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முறைப்பார். பாகம் மாற்றினால் பில் கேட்காமல் கொடுப்பார்.

பொய்ச் சாட்சிகளும் உண்டு. எண்ணெய் மூடியின் உட்புறம் மோர்போல் வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பதறுவார்கள். கலந்திருக்கலாம், மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே போய்வரும் வண்டியில் காற்றின் ஈரமே அப்படிப் படியவும் செய்யும். டிப்ஸ்டிக்கிலும் வெளுத்திருந்தால்தான் கவலை. காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை சூடேறியதும் நின்றால் அது பனி. சூடேறிய பிறகும் தொடர்ந்து, இனிப்பாக மணந்தால் அது கூலன்ட். எல்லாவற்றிலும் பெரிய பொய்ச் சாட்சி டாஷ்போர்டின் சூட்டு முள். அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் மிகவும் இறங்கி சென்சார் வெற்றுக் காற்றில் தொங்கினால், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்க முள் சாதுவாக நடுவில் நிற்கக்கூடும். ஏறிய முள் தானாக இறங்கியது நல்ல செய்தியாகவே இருக்க வேண்டியதில்லை.

இங்கே குன்றின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4-ல் இயங்கத் தொடங்கிய அப்சரா, தண்ணீர்த் தொட்டிக்குள் அமைந்த உலை. 1960-ல் கனடாவின் உதவியோடு வந்த சைரஸ் 40 மெகாவாட் வெப்பம் தந்தது. 2010 டிசம்பர் 31-ல் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 1985 ஆகஸ்டில் தொடங்கிய துருவா 100 மெகாவாட். துருவாவில் சூட்டைச் சுமப்பது சாதாரணத் தண்ணீர் அல்ல, கனநீர். இயற்கைத் தண்ணீரில் ஆறாயிரத்துச் சொச்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மட்டுமே கன ஹைட்ரஜன் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலைகள் வேண்டும். தூத்துக்குடியில்கூட ஓர் ஆலை 1970-களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் இயங்கியது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த திரவம் குறைந்தால் 'இன்னும் கொஞ்சம் ஊற்று' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

கேட்பதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். துருவாவின் கனநீர் தன் சூட்டை இன்னொரு தண்ணீர்ச் சுற்றுக்குக் கொடுக்கிறது. அந்தச் சுற்று கடல் நீருக்குக் கொடுக்கிறது. ஒரு சுற்று இன்னொன்றோடு கலக்கக் கூடாது. கலந்தால் எப்படித் தெரியும்? உலைக்குள் இருக்கும் காலத்தில் கனநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் தானாகவே சேர்கிறது. அடுத்த சுற்றின் தண்ணீரில் டிரிட்டியம் தென்பட்டால் குழாயில் ஓட்டை என்று பொருள். காரில் சாயம் செய்யும் வேலையை இங்கே டிரிட்டியம் செய்கிறது. திரவம் தன் அடையாளத்தைத் தானே சுமந்துகொண்டு போகிறது.

இவ்வளவு கவனம் இருக்கும் இடத்திலும் கண்டுபிடிப்பது சுலபமல்ல. 2016 மார்ச் 11 அன்று குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில், 220 மெகாவாட் கொண்ட முதல் உலையில் குளிர்விக்கும் கனநீர் ஒழுகியது. உலை தானாக நின்றது. நிலையத்துக்குள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூலையில், அங்குள்ள இரண்டாவது உலையிலும் ஒரு குழாய் ஒழுகியிருந்தது. இந்த வகை உலையில் குளிர்விக்கும் குழாய்கள் 306. எந்தக் குழாய் என்று கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தவே நாள்கள் பிடித்தன. ஏன் என்று கண்டுபிடிக்க அதைவிட அதிகம். இந்திய அணு உலைகளைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் டிராம்பேயை ஒட்டிய அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. குழாய் தண்ணீர் ஓடிய உட்பக்கத்திலிருந்து அரிக்கவில்லை, வாயு சூழ்ந்திருந்த வெளிப்பக்கத்தில் ஆங்காங்கே அரித்திருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. குழாய்கள் அனைத்தையும் மாற்றிய பிறகு முதல் உலை 2019-ல் மீண்டும் இயங்கியது. ஓட்டையை அடைத்தோம், திரவத்தை நிரப்பினோம், ஓட்டினோம் என்று அவர்கள் முடித்துக்கொள்ளவில்லை. காரணம் தெரியாமல் ஓட்ட முடியாது என்பதுதான் அங்கே விதி.

டாக்சிக்கு அந்த விதி கிடையாது. டாக்சிக்காரரின் விதி ஊற்றுவது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் பிரீமியர் பத்மினி என்று இருந்த காலத்தில், ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு பானட்டைத் திறந்து பிளாஸ்டிக் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றுவது அன்றாடக் கடன். செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர் ஒழுகினால் தெருமுனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். லாரிக்காரர்களிடம் இன்னொரு கைவைத்தியம்: ஒரு கைப்பிடி மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நடுவழியில் ஊர்போய்ச் சேர அது உதவியதும் உண்டு. ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. கடைகளில் விற்கும் ஒழுக்கு அடைப்பான்களுக்கும் தெரியாது. இன்றைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அவை அடைக்கும். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சியும் 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் மும்பைச் சாலையை விட்டுப் போய்விட்டது. கேன் மட்டும் டிக்கியில் இருக்கிறது.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். பத்து நாள் கழித்து டாக்சிக்காரர் கொண்டுவந்தார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விமான நிலையத்திலும் தாதரிலும் நெரிசலில் நின்ற நாள்களில் அதிகம் குறைந்திருந்தது. புனேவுக்குப் போய்வந்த நாளில் அவ்வளவு இல்லை. அப்படியானால் ஹெட் கேஸ்கெட் முதல் சந்தேகம் அல்ல. அடுத்து, இரண்டாவது பத்தி. ரேடியேட்டரில் தினமும் இறங்கியிருந்தது. பாட்டிலில் பத்து நாளும் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. டாக்சிக்காரர் அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டிருந்தார். "பாட்டில்ல இருக்கிறது ஏன் உள்ளே வரலை?" என்று பாய் கேட்டார்.

மூடியின் போகும் வழி வேலை செய்தது. வரும் வழி வேலை செய்யவில்லை. சூட்டில் விரிந்த தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. ஆறும்போது பாட்டில் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில், காய்ந்து வெடித்திருந்த மூடியின் ரப்பர் வழியாக ரேடியேட்டர் காற்றை உறிஞ்சியது. அடுத்த நாள் மறுபடி தண்ணீர் பாட்டிலுக்குப் போக, ஏற்கெனவே நிரம்பியிருந்த பாட்டில் தன் ஓரத்துச் சிறு குழாய் வழியாகக் கீழே விட்டது. தண்ணீர் போன இடம் அது. தினமும் எல்லோர் கண்ணெதிரிலும் போயிருக்கிறது.

அப்படியானால் ஏன் யாரும் பார்க்கவில்லை? பார்த்தார்கள். டாக்சிக்காரரே பார்த்திருக்கிறார். முன்பக்கம் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஏசி தண்ணீர் என்று விட்டுவிட்டார். மும்பையின் ஈரக்காற்றில் ஏசி போட்ட எந்தக் காரும் அடியில் தண்ணீர் விடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறம்தான். கூலன்ட்டுக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் சேர்ப்பதன் பயன்களில் ஒன்றே, ஒழுகினால் தெரிய வேண்டும் என்பது. விரலில் தொட்டால் வழவழப்பாகவும் இருக்கும். ஏசி தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை. நான்கு மாதமாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, டாக்சிக்காரர் அந்த நிறத்தைக் கரைத்துவிட்டிருந்தார். ஒழுகியது கூலன்ட்டாக இருந்திருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருக்கும்.

அழுத்தச் சோதனை செய்தும் ஏன் பிடிபடவில்லை என்பது இன்னொரு கேள்வி. சோதிக்கும் பம்ப், மூடியைக் கழற்றிவிட்டு மூடியின் இடத்தில்தான் உட்காருகிறது. என்ஜின், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் சோதனைக்கு உட்படுகின்றன. மூடி மட்டும் கையிலோ மேசையிலோ கிடக்கிறது. மூடியைச் சோதிக்கத் தனி இணைப்பு உண்டு. அதைப் பயன்படுத்தும் கடைகள் குறைவு. ரேடியேட்டரை மாற்றிய கடைக்காரர்கூடப் புது ரேடியேட்டரின் மேல் பழைய மூடியையே போட்டுத் திருகியிருந்தார்.

பாய் மூடியை மாற்றினார். பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, உள்ளே கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கம்பெனி சொன்ன அளவில் கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றினார். நீலத் திரவச் சோதனையும் செய்தார். திரவம் நீலமாகவே இருந்தது. அரை நாள் வேலை. ஆனால் நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "இன்னும் பத்து நாள் எழுதுங்க தம்பி. நான் சொன்னது சரியான்னு நோட்டு சொல்லட்டும்." பத்து நாளும் இரண்டு பத்தியிலும் அளவு இறங்கவில்லை.

எல்லா வண்டியிலும் மூடிதான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. ஹெட் கேஸ்கெட் நிஜமாகவே போன வண்டிகளும் ஏராளம். டீசல் வண்டிகளில் புகையைக் குளிர்விக்கும் பாகத்தில் ஓட்டை விழுந்து, புகையோடு தண்ணீர் போவதும் உண்டு. சொல்ல வருவது வேறு. ஊற்றும்போது தண்ணீரை மட்டும் நிரப்பவில்லை, தடயத்தையும் அழிக்கிறோம். நிறம் போகிறது, அளவு போகிறது, எந்த நாளில் எவ்வளவு என்ற நினைவு போகிறது. கடைசியில் மெக்கானிக்கின் கையில் மிஞ்சுவது ஊகம். ஊகத்துக்குப் பில் போடுபவர் அவர், கட்டுபவர் நீங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள். அளவை எப்போதும் ஆறிய என்ஜினில் பாருங்கள். பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நன்றாக மூடிய என்ஜினில் மாதக்கணக்கில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டிய அவசியம் வரக்கூடாது. வந்தால் அதுவே செய்தி. ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே வகைக் கூலன்ட்டை ஊற்றுங்கள், ஊற்றிய அளவைத் தேதியோடு எழுதுங்கள். போர்வெல் தண்ணீர் உள்ளே உப்புப் பொருக்கை வளர்க்கும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், சிந்தினால் கழுவிவிடுங்கள். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள். 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அழுத்தம் விலகிய கணத்தில் முகத்தில் கொதித்துப் பாயும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அவசரம் என்று யார் ஹாரன் அடித்தாலும்.

அணு உலைக்காரர்களிடம் கோடிக்கணக்கில் கருவிகள் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டு எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. 'எங்கேயும் ஒழுகவில்லை' என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கு முன்னால் அதில் ஒரு பத்து வரி எழுதியிருந்தால், பெரும்பாலான வண்டிகளின் என்ஜினைப் பிரிக்காமலே தண்ணீர் போன வழி தெரிந்துவிடும்.